பின் சக்கரத்துப் பொட்டு

செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்தின் மேட்டிலிருந்து தார்ச் சாலைக்குப் போகும் செம்மண் பாதை அது. மழை விட்டுவிட்டுப் பெய்து மண் சோப்பு மாதிரி ஆகியிருந்தது. செருப்புப் போட்டு நடந்தால் கால் முன்னே போகும், செருப்பு அங்கேயே நிற்கும்.

தோளில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். மேலே இருந்த செம்பனை நாற்றுப் பண்ணையில் மருந்தடிக்கும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. மருந்து பட்டு விரல் இடுக்கில் தோல் உரிந்தது. கையுறை கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். அதுவரை விரல்கள் தாங்காது என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன்.

சிலிம் ரிவர் டயர் கடையை விட்டு நான் நடந்த கதையைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் படித்தவர்கள், 'இந்த ஆளுக்கு இதே பிழைப்பா?' என்று கேட்கலாம். ஏறக்குறைய இதே பிழைப்புதான்.

பாதி வழியில், ஒரு வளைவு திரும்பியதும், பழைய ஃபோர்வீல் ஒன்று சாய்ந்து நின்றது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன லோரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பின்பக்க இடது சக்கரம் தன் இடத்தை விட்டு ஒரு முழம் வெளியே வந்திருந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதன் முன்னால் குந்தியிருந்தார். முன் இருக்கையில் ஒரு பெண்மணி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் சாப்பாட்டுக் கேரியரோடு.

"தம்பி, வண்டி வேலை ஏதாச்சும் தெரியுமா?" என்றார் அந்தப் பெண்மணி.

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம் போதும்லா. இவருக்கு அதுவும் இல்ல. வந்ததுல இருந்து அந்தச் சக்கரத்தையே முறைச்சுப் பார்க்குறாரு. பயந்துபோய் அதுவா உள்ள போயிரும்னு நெனைப்பு."

மீசைக்காரர் பெயர் மணியம். பேசியவர் அவர் மனைவி லெட்சுமி. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு மணியம் அண்ணன், லெட்சுமி அக்கா ஆனார்கள். சிறுநீரகம் பழுதான அக்காவுக்குப் புந்தோங் டவுனில் மெஷின் வைத்து ரத்தம் கழுவிவிட்டுத் திரும்பும் வழி. வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் பின் ஆக்சிலின், பின் சக்கரம் இரண்டையும் சேர்க்கும் அச்சின், உள்கம்பி முறிந்துவிட்டது.

மணியம் அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாங்கி அக்காவை வீடு சேர்த்தோம். சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. அக்காவுக்கு மட்டும் உப்பில்லாத ஏதோ தனியாக. கை கழுவிய கையோடு பையை எடுத்துத் தோளில் மாட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. இருந்துவிட்டேன்.

பெரட்டுக் களத்து வீடு

அந்த வீடு பழைய பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்தது. விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. என் அப்பாவும் வேறொரு தோட்டத்தில் அப்படி நின்றவர்தான். ஒரு காலையில் யார் பேரையும் கூப்பிடவில்லை. தோட்டம் கைமாறியிருந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. சட்டி பானையோடு ஊர் மாறினோம், என் பள்ளிக்கூடம் மட்டும் கூட வரவில்லை.

இங்கேயும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மணியம் அண்ணனுக்கு இந்த வீடும், பின்னால் ஏற்றத்தில் கொஞ்சம் டுரியான் மரங்களும் மிஞ்சின. களத்தில் இப்போது புல்தான் நிற்கிறது.

"டவுனுக்கே போயிரலாமே அக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்பதுதான் போல. பதில் தயாராக இருந்தது.

"வாரத்துல மூணு நாளு மெஷினுக்கு. மிச்சம் நாலு நாளு எனக்கு. அந்த நாலு நாளையும் மெஷின் பக்கத்துலயே போய் உக்காந்து கழிக்கணுமா?"

அன்று சனிக்கிழமை. அடுத்த முறை செவ்வாய் காலை. நடுவில் இருந்த நேரம் அவ்வளவுதான். முந்தைய மழைக்காலத்தில் பாதை அறுந்து ஒரு முறை தவறியிருக்கிறது. உடம்பில் தங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பல நாள். இதை அக்கா சொல்லவில்லை. அக்கா உள்ளே போனபிறகு, வெற்றிலை மடித்தபடி மணியம் அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் செம்பனைக் குலை ஏற்றும், பக்கத்தில் தொட்டி வைத்த சைட்கார் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. "அதுல அக்காவை வச்சுக் கூட்டிட்டுப் போலாமே?" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா வந்து இடது கையை நீட்டிக் காட்டினார். ஊசி குத்துகிற இடத்தில் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.

"இவரு அதுல ஏத்துனாருப்பா, போன மாசம். கவுந்துருச்சு. இந்தக் கை நசுங்கியிருந்தா அவங்க எங்க குத்துவாங்க, இவரு மூக்குலயா? குலை ஏத்துற வண்டியில குலைய ஏத்தட்டும்."

புந்தோங்கில் ஒரு ஜோடி

ஞாயிறு காலை, நின்ற வளைவிலேயே வண்டியின் பின்பகுதியை ஜாக்கால் தூக்கி, ரயில் கட்டைகளின் மேல் நிறுத்தினோம். முறிந்த கம்பியை மட்டும் மாற்றலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் கம்பி ஓடும் குழாயே ஓரத்தில் பிளந்து கோணியிருந்தது. குழாய் கோணினால் எத்தனை கம்பி போட்டாலும் முறியும். முழு ஆக்சிலையும் மாற்றியாக வேண்டும்.

பழையதைக் கழற்றிச் சைட்காரில் வைத்து, நான் பின்னால் பிடித்துத் தள்ள, தார்ச் சாலை வரை கொண்டுவந்தோம். அங்கிருந்து வாடகை லோரியில் புந்தோங்.

புந்தோங்கில் ஒரு பொத்தோங் கடை. ஓடி ஓய்ந்த வண்டிகளை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் இடம். கடை முதலாளியான தவுக்கே சீனர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் என்னைவிட வேகமாகத் திட்டுவார்.

"ஃபோர்வீல் ஆக்சில் இல்ல லா அண்ணே. போன வாரம்தான் போச்சு. அதே கம்பெனி வேன் ஆக்சில் இருக்கு. வச்சுப் பாரு. சேரலைன்னா எடுக்காத."

இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். மணியம் அண்ணன் டேப்பால் அளந்தார். டேப்பின் மேல் நம்பிக்கை இல்லாமல் சாணாலும் அளந்தார். ஸ்பிரிங் உட்காரும் இடம், சக்கரம் மாட்டும் போல்ட்டுகள், பிரேக் டிரம், எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

"ஒட்டிப் பொறந்ததுங்க மச்சான்!" என்று என் முதுகில் தட்டினார். மகிழ்ச்சி வந்தால் அவருக்கு எல்லோரும் மச்சான்தான்.

பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை எடுப்பது அங்கே வழக்கம். பழைய இரும்பு தவுக்கேக்கு. நாங்களும் போட்டுவிட்டு வந்தோம். சேர்கிறதா என்று வெளியே எங்கெங்கோ அளந்த நாங்கள், நடுவில் பானை போலப் புடைத்திருக்கும் இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பொத்தோங் கடையில் யாரும் பார்ப்பதில்லை. துளைக்குத் துளை சேர்ந்தால் பேரம் முடிந்தது.

நான்கு எலுமிச்சம்பழம்

திங்கள் மதியத்துக்கு முன்பே மாட்டி முடித்து, வண்டியை மெல்லக் களத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு போல்ட்கூட அடம்பிடிக்கவில்லை. மணியம் அண்ணன் பாட்டு முனகினார்.

அக்கா தட்டோடு வந்தார். ஒவ்வொரு டயரின் உச்சியிலும் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். இது எல்லா வீட்டிலும் நடப்பது. அக்காவிடம் சொந்தமாக ஒரு சட்டமும் இருந்தது. வண்டி களத்தின் அந்த ஓரம் வரை நேராகப் போய் நிற்கும்போது பொட்டு நான்கும் மறுபடி மேலே இருக்க வேண்டும். பொட்டு கீழே கிடந்தால் சாமியை மண்ணில் விட்ட மாதிரி.

நான்கு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டார் மணியம் அண்ணன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி ஈரப் புல்லில் போயிற்று. ஓட்டத்தில் ஏதோ ஓர் இழுப்பு இருந்தது. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

அக்கா கூடவே நடந்து போனார். "நில்லுங்க, நில்லுங்க. பின்னாடி மேல வந்துருச்சு. முன்னாடி இன்னும் வரல. கொஞ்சம் விடுங்க."

விட்டார்.

"இப்ப முன்னாடி வந்துருச்சு. பின்னாடி இறங்கிப் போச்சே! ரிவர்ஸ் எடுங்க."

எடுத்தார்.

"இல்ல, இல்ல. மறுபடி முன்னாடி."

"ஏண்டி, இது வண்டியா ஊஞ்சலா?"

"லைசன்ஸ் வாங்குன காலத்துல இருந்து ஓட்டுறீங்க, ஒரு பொட்டை ஒழுங்கா நிறுத்த முடியல. சகுனமே சரியில்ல. கெளம்பும்போதே நாலும் நாலு பக்கம் பார்க்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. டயர் நான்கும் ஒரே அளவு. நானே மாட்டினேன். நேராகத்தான் போனது. அப்படியானால் பொட்டுகள் ஏன் பிரிய வேண்டும்?

இளவயதில் கிரிக் பக்கம் ஒரு மரக்காட்டில் அட்டெண்டனாக இருந்தேன். அட்டெண்டன் என்றால் லோரிக்காரனுக்குச் சோறு வாங்கி, கட்டை வைத்து, திட்டு வாங்குகிற வேலை. அங்கே ஒரு மரலோரிக்கு யாரோ வேறு வண்டியின் முன் ஆக்சிலை மாட்டியிருந்தார்கள். சேற்றில் நன்றாகத்தான் ஓடும். கல் பாதை ஏறியதும் தன் காலைத் தானே மிதிக்கிற ஆளைப் போலத் திணறும். ஒரு நாள் ஏற்றத்தில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நடுவில் இருந்த கியர்பெட்டி இரண்டாகப் பிளந்து எண்ணெய் ஒழுகியது. லோரி மரத்தோடு பின்னால் உருண்டது. எல்லோரும் குதித்துவிட்டோம். ஒருவர் கால் ஒடிந்ததோடு போயிற்று.

"அண்ணே, அந்தக் கியரை எடுத்துருங்க. பின் சக்கரம் மட்டும் இழுக்கட்டும். இன்னொரு தடவை போங்க," என்றேன்.

அக்கா பொட்டுகளைத் துடைத்து மறுபடி உச்சியில் வைத்தார். வண்டி போயிற்று. முன் பொட்டும் பின் பொட்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. மறுபடி நான்கு சக்கரக் கியரைப் போடச் சொன்னேன். பின் பொட்டு முந்திக்கொண்டு ஓடியது.

மணியம் அண்ணன் இறங்கி வந்தார். முகத்தில் பாட்டு இல்லை.

"பல்லுதான்ணே," என்றேன். "வேனுக்குள்ள இருக்குற பல்சக்கரம் வேற அளவு. பின் சக்கரம் சீக்கிரம் சுத்துது, முன் சக்கரம் மெதுவா சுத்துது. புல்லுல வழுக்கி வழுக்கிச் சமாளிக்குது. நம்ம பாதையில கல்லு மேடும் இருக்கே, அங்க வழுக்க இடம் இல்ல. நடுவுல இருக்குற கியர்பெட்டி ஒடையும்."

"எப்ப?"

"தெரியாது. நாளைக்கே ஒடையலாம்."

"பின் சக்கரத்தை மட்டும் வச்சு இறங்கிருவோமா?"

"இறங்கலாம். திரும்பி எப்படி ஏறுவீங்க? அந்த ஓடைக்கரை மேடு."

பாதையில் வரும் அந்த ஓடைக்கரை மேட்டில் ஒரு பக்கம் பள்ளம்; பின் சக்கரம் மட்டும் இழுத்தால் ஈர மண்ணில் அதற்குள் சறுக்கிவிடும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கால்களைப் பார்த்தார். கணுக்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கே இவ்வளவு என்றால் நாளை தவறினால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

"நம்ம பழைய பல்லு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மணியம் அண்ணன்.

நல்லாத்தான் இருந்தது. முறிந்தது கம்பியும் குழாயும் மட்டும். பழைய பல்சக்கரக் கூட்டை எடுத்து இந்தப் புதுக் குழாயில் மாட்டினால் முன்னும் பின்னும் சரியாகிவிடும். ஒரே கம்பெனி என்பதால் சேரும். ஆனால் அது புந்தோங்கில், பழைய இரும்போடு கிடந்தது.

"என் மோட்டார்ல போய்ட்டு வா," என்று மணியம் அண்ணன், வீட்டோரம் நின்ற தன் மோட்டார் சைக்கிளின் சாவியை நீட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "இவன் நடந்து போறவன். மோட்டார் வேற குடுக்குறீங்க."

"வாரேன் அக்கா."

"பெட்ரோல் இருக்கு. அந்தப் பக்கம் திரும்பினா தைப்பிங் டவுன் வரைக்கும் போகும்," என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

நாய் காத்த இரும்பு

தவுக்கே என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "என்ன, ஆக்சில் ஒடைஞ்சிருச்சா? நான் கேரண்டி குடுக்கல லா!"

"ஆக்சில் நல்லா இருக்கு தவுக்கே. உள்ள இருக்குற பல்லு எங்களுக்குச் சேரல. எங்க பழசு வேணும்."

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அய்யோ. இரும்பு லோரி இன்னிக்குக் காலையில வந்துச்சே. வாரிட்டுப் போயிட்டான்."

நேற்று பழைய இரும்பு மலை போலக் கிடந்த மூலையைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த வெறும் தரை. பெருக்கி வேறு வைத்திருந்தார்கள்.

அங்கேயே குந்தினேன். நான் பல இடங்களை விட்டு வந்திருக்கிறேன், வெறுங்கையோடு திரும்பிப் போக ஓர் இடம் இருந்ததில்லை. அக்காவிடம் என்ன சொல்வது?

"இரு, இரு," என்றார் தவுக்கே. "உன்னுது ஃபோர்வீல்தானே? அது போகல போல. அங்க பாரு."

கொட்டகையின் பின்பக்கம் எங்கள் ஆக்சில் கிடந்தது. அதன் குழாயில் சங்கிலி. சங்கிலியின் மறு நுனியில் கறுப்பு நாய் ஒன்று, பானைப் புடைப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. நாயைக் கட்டும் கம்பம் துருப்பிடித்து விழுந்துவிட்டதாம். ஞாயிறு மாலை, கனமாக இருக்கிறதே என்று இதில் கட்டியிருக்கிறார்.

"காலையில லோரிக்காரன் கிட்டப் போனான். கறுப்பி அவன் கால்ல போட்டிருந்த சிலுவாரைக் கிழிச்சிட்டா," என்றார். "நீயும் சும்மா போகாத. கிழிச்சிருவா."

பக்கத்துக் கடையில் ஒரு பாவ், இறைச்சி வைத்து அவித்த ரொட்டி, வாங்கி வந்து எறிந்தேன். கறுப்பி என்னை ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு எழுந்தது. வாழ்க்கையில் நான் கொடுத்த நல்ல லஞ்சம் அது ஒன்றுதான்.

தவுக்கே ஸ்பேனர் கொடுத்தார். எண்ணெய் வடித்து, நட்டுகளைக் கழற்றி, முறிந்த கம்பித் துண்டை உருவி, பல்சக்கரக் கூட்டை வெளியே எடுத்தேன். பற்கள் ஒன்றும் போகவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். தவுக்கே பக்கத்தில் நின்று பொட்டுக் கதை முழுவதையும் கேட்டார்.

"இந்த மாதிரி நெறைய பேர் திரும்பி வாரான். என்னைத் திட்டுறான். எது எந்த அளவுன்னு எனக்கும் தெரியல, வேலைக்கு இருக்குற பையனுக்கும் தெரியல. நீ இங்க இருந்து ஒவ்வொன்னா பார்த்து அது மேல எழுதுவியா?"

"நாளைக்குச் சொல்றேன் தவுக்கே."

கூட்டைச் சாக்கில் போட்டு, டியூப் ரப்பரால் பின் சீட்டில் கட்டினேன். சுங்கை சிப்புட் சாலையில் நல்ல மழை. வண்டி பின்பாரத்தில் ஆடியது. முகத்தில் நீர் அடிக்க அடிக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். மணியம் அண்ணன் முனகிய அதே பாட்டு.

வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா வாசலில் நின்றிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டதும் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

"ரொம்ப நேரமா அங்கதான் நின்னா," என்றார் மணியம் அண்ணன் மெல்ல. "பழைய பல் செட்டு வருதான்னு."

புதுக் குழாயில் பழைய கூட்டு உட்கார்ந்தது. கம்பிகளின் நுனிப் பல்லும் அதற்குள் சேர்ந்தது. கடைசிக் கம்பி 'டக்' என்று உள்ளே போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. பொட்டு மட்டும் வைத்தார் அக்கா. நான்கு சக்கரக் கியர். களத்தின் அந்த ஓரம் வரை வண்டி போனது. நான் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். பொட்டுகள் ஒன்றாகக் கீழே போயின, ஒன்றாக மேலே வந்தன.

"நில்லுங்க," என்றார் அக்கா. நின்றது. நான்கும் உச்சியில்.

"ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு டயரில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை

விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். நான் பையோடு பின்னால் ஏறிக்கொண்டேன். இரவெல்லாம் பெய்த மழையில் ஓடைக்கரை மேடு குழம்பாகக் கிடந்தது. மணியம் அண்ணன் கியரைப் போட்டார். நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. பள்ளத்தின் பக்கம் பார்க்காமல் நான் வானத்தைப் பார்த்தேன். வண்டி ஒரு முறைகூட உதறவில்லை. தார்ச் சாலை வந்ததும் அக்கா கேரியரைத் திறந்து, ஜன்னல் வழியாக எனக்கு ஓர் இட்லியை நீட்டினார்.

"தைப்பிங் போகலையா?"

"அந்தப் பக்கம் மழையாம்."

புந்தோங்கில் அக்கா எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்றார். பிறகு தன் வழக்கமான நாற்காலியில் சாய்ந்து இடது கையை நீட்டினார். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். மணியம் அண்ணன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிடமே வாய் திறந்து தூங்கிப்போனார். அவர் சட்டைப் பையில் மோட்டார் சாவியைப் போட்டுவிட்டு நடந்தேன். நான்கு தெருதான்.

தவுக்கே கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். கறுப்பி குரைக்கவில்லை.

"எழுத பேனா வேணுமா?" என்றார்.

"பெயிண்ட் குடுங்க. செவப்பு."

முதல் ஆக்சிலை இரண்டு கட்டையின் மேல் தூக்கி வைத்தேன். எஞ்சின் பக்கத்துத் தண்டு வந்து சேரும் நடு முகப்பில் ஓர் ஈயக் கம்பியால் அடையாளம் கட்டினேன். டிரம்மின் உச்சியில் விரலால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அது ஒரு முறை மேலே வருவதற்குள் அந்தக் கம்பி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணியபடி, மெதுவாகச் சுற்றத் தொடங்கினேன்.